கடைமடைக் குடும்பம்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வறட்சி நிவாரணத்தைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கின்றனர். நிவாரணம் என்றவுடன் மனுவும், மனுவோடு இணைக்கும் சான்றுகளும், அலுவலகப் பட்டியலுமே எல்லோர் நினைவுக்கும் வருகின்றன. அவற்றைப் பற்றியும் சொல்லத்தான் போகிறோம். ஆயினும் மழை பொய்த்த ஆண்டில், மனு எழுதப்படுவதற்கு வெகு நாள் முன்பே வீட்டுக்குள் ஒரு காரியம் நடந்து முடிந்துவிடுகிறது. குடும்பம் ஒன்றாக நிற்கப்போகிறதா, ஆளுக்கொரு திசையாகப் பிரியப்போகிறதா என்பது அங்கே தீர்மானமாகிவிடுகிறது. அதன் பின்னர் அரசாங்கம் கொடுப்பது எதுவாயினும், சேர்ந்து நின்ற குடும்பத்துக்கே அது முழுப் பயன் தருகிறது. பிரிந்த குடும்பத்துக்கோ, பங்கு போடுவதற்கு வந்த இன்னொரு தொகையாக அது முடிந்துபோகிறது. ஆகவே இன்று முதலில் வீட்டைப் பற்றியும், பிறகு கால்வாயைப் பற்றியும், கடைசியாக அலுவலகத்தைப் பற்றியும் பேச எண்ணுகிறோம்.

நாஞ்சில் நாட்டில் வறட்சியா என்று வெளி மாவட்டத்தார் நகைப்பதுண்டு. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டையும் பெறும் மாவட்டம் இது. நாஞ்சில் என்றாலே கலப்பை. கலப்பையின் பெயரைத் தாங்கிய இந்நாட்டில், கன்னிப்பூ என்றும் கும்பப்பூ என்றும் ஆண்டுக்கு இரண்டு பூ நெல் விளைவது தொன்றுதொட்டு வந்த வழக்கம். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்தவை தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்களே. ஆனால் அந்தப் பெயர் இங்கே விழும் மழையால் மட்டும் வந்ததன்று. மழை மிகுதியாகப் பெய்வது மேற்கே மலையில். நாஞ்சில் நாட்டின் கிழக்குப் பகுதியோ ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உலர்த்தும் பூமி. அந்தக் காற்றுக்கு இப்பொழுது முப்பந்தலில் காற்றாலை சுழற்றும் வேலை கிடைத்திருக்கிறது. வயலுக்கு மட்டும் அது என்றும் உறவினன் ஆனதில்லை. மலையில் பெய்த நீரைக் கால்வாய் வழியே கொண்டுவந்தாலன்றி இங்கே நெல் இல்லை.

இதனை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். பரளியாற்று நீரைத் திருப்பிப் பழையாற்றில் சேர்க்கப் பொன்மனைக்கு அருகே கட்டிய அணை, பாண்டியன் அணை என்றே வழங்கி வருகிறது. பின்னர் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் புத்தன் அணை எழுந்தது. இவை ஆற்றில் ஓடும் நீரைத் திருப்புமேயல்லாமல் தேக்கி வைக்கமாட்டா. ஆறே வற்றினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. 1860ஆம் ஆண்டையொட்டி மழை பொய்த்தபோது தென் திருவிதாங்கூர் பட்ட துன்பம் அத்தகையது. பஞ்சமும் அதன் பின்னே கொள்ளைநோயும் வந்தன. அக்காலத்தில் இப்பகுதியிலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் பலர். வீட்டுக்கு ஓர் ஆளாகப் போன குடும்பங்கள் மீண்டும் ஒரே கூரையின்கீழ்க் கூடியது எத்தனையோ நாம் அறியோம்.

தேக்கி வைக்கும் அணையாகிய பேச்சிப்பாறை 1897ஆம் ஆண்டில் தொடங்கி 1906ஆம் ஆண்டில் முடிந்தது. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா ஆட்சிக் காலம் அது. மேற்பார்த்த பொறியாளர் மிஞ்சின் என்பவர். கோதையாற்றின் குறுக்கே தாம் எழுப்பிய அணைக்கு அருகிலேயே அடக்கமானார். 1950களின் தொடக்கத்தில் பெருஞ்சாணி அணை வந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் நாம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த பின்னர்ச் சிற்றாறு அணைகள் இரண்டும், மாத்தூர்த் தொட்டிப்பாலமும் எழுந்தன. பாண்டியன் கால், பத்மநாபபுரம் புத்தனாறு கால், தோவாளைக் கால், அனந்தனாறு கால், நாஞ்சில்நாட்டுப் புத்தனாறு கால் என்று அந்த நீர் பல கிளையாகப் பிரிந்து, குளத்துக்குக் குளம் நிறைத்து, மீந்தது பழையாற்றோடு மணக்குடிக் காயலில் கலக்கிறது.

இவ்வளவு கட்டியும் கடைமடை கடைமடைதான். அணை நிறைந்த ஆண்டில் தலைமடைக்கும் கடைமடைக்கும் வேற்றுமை தெரிவதில்லை. அணை பாதியாக நிற்கும் ஆண்டில், திறந்த நீரில் ஒரு பங்கைக் காலின் மண்ணே குடித்துவிடுகிறது. ஒரு பங்கைக் கரையோர இயந்திரங்கள் இறைத்துக்கொள்கின்றன. மற்றொரு பங்கை மேற்பகுதி வாழைத் தோட்டங்கள் உறிஞ்சுகின்றன. கடைசி மடைக்கு வந்து சேர்வது பாசி படர்ந்த ஈரம் மட்டுமே.

இனி 2016ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழையும் குறைவு. அடுத்து வந்த வடகிழக்குப் பருவத்தில், தமிழ்நாடு முழுவதற்கும் சராசரியாக 440 மில்லிமீட்டர் பெய்யவேண்டிய இடத்தில் 168 மில்லிமீட்டரே பெய்தது. நூற்றுக்கு 62 பங்கு குறைவு. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காணாத குறைவு என்றனர். 2017 ஜனவரி 10ஆம் நாள், அப்போதிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. நம் மாவட்டமும் அவற்றுள் ஒன்று. இரண்டு மழையும் இத்தனை அணைகளும் உடைய மாவட்டத்தின் பெயரை அந்தப் பட்டியலில் கண்டபோது பலருக்கு வியப்பு. கடைமடை ஊர்க்காரர்களுக்கு வியப்பு ஒன்றுமில்லை.

அவ்வாண்டில் நாம் கண்ட ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரையும் பெயரையும் சொல்லவேண்டா. மணக்குடிக் காயலுக்கு வெகு தொலைவில்லாத ஒரு கடைமடை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எழுபத்தைந்து வயது கடந்த தாயார். மூத்த மகன், அவர் மனைவி, நாகர்கோவிலில் கல்லூரியிற் படிக்கும் மகள். இளைய மகன், அவர் மனைவி, பள்ளி செல்லும் இரு பிள்ளைகள். நான்கு ஏக்கர் நன்செய்; அதில் ஒன்றரை ஏக்கர் குளத்தடியிலும், மற்ற இரண்டரை ஏக்கர் காலின் கடைசி மடையிலும் இருந்தன. தொழுவத்தில் இரண்டு கறவைப் பசுக்கள்.

ஐப்பசியில் காலில் வந்த நீரைக் கொண்டு கும்பப்பூவுக்கு நான்கு ஏக்கரிலும் திருப்பதிசாரம் 3 என்னும் நெல்லை நட்டிருந்தனர். நூற்று முப்பத்தைந்து நாளுக்குக் குறையாத பயிர் அது. கார்த்திகையில் பெய்யவேண்டிய மழை பெய்யவில்லை. மார்கழியில் பயிர் பொதி கட்டும் வேளையில் காலில் நீர் நின்றது. வீட்டுக் குழாய்க்கிணற்றில் இறைத்துப் பார்த்தனர். இரண்டாம் வாரத்திலேயே நீர் உவர்த்தது. கடலோரத்தில் நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு நீர் ஏறும் என்பது நீங்கள் அறிந்ததே. உவர்நீர் பாய்ந்த மூலையில் பயிரின் நுனி கருகிச் சுருண்டது.

அப்பொழுதுதான் வீட்டிற்குள் பூசல் கிளம்பிற்று. மூத்தவர், எப்படியாவது நான்கு ஏக்கரையும் காப்பாற்றவேண்டும், இன்னொரு குழாய்க்கிணறு இறக்குவோம் என்றார். இளையவர், நெல் போனது போகட்டும், தாம் கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போவதாகச் சொன்னார். பசுவை விற்றுவிடலாம் என்பது ஒரு யோசனை; மகளின் படிப்பை ஓர் ஆண்டு நிறுத்தி வைக்கலாம் என்பது இன்னொரு யோசனை. இந்த இரண்டாவது யோசனையைச் சொன்னவர் யாரென்று பின்னர் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. நாலைந்து நாள் ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசவில்லை. இவ்வளவுக்கும் காரணம் தண்ணீர் மட்டுமன்று. மூத்தவர் வெளியே ஒரு கடன் வாங்கியிருந்தார். மனைவியின் நகையை வைத்து வாங்கிய கடன். அது மனைவிக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியாது. அதற்கு மேலும் வட்டிக்கு வாங்கிய தொகை ஒன்று இருந்தது. அது மனைவிக்கும் தெரியாது. புதிய குழாய்க்கிணறு வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்கு உண்மைக் காரணம் அதுவே. நான்கு ஏக்கரும் விளைந்தால்தான் அந்தக் கடன் வெளியே தெரியாமல் அடையும்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே முன்னர் இருந்த மருமக்கள்வழி முறையைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எள்ளிப் பாடியது உங்கள் அனைவர்க்கும் தெரியும். மகனுக்கின்றி மருமகனுக்குச் சொத்துப் போகும் அந்த முறை 1926ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்தது. சட்டம் மாறிய பின்னும், வீட்டுக் கணக்கை வீட்டாரிடமிருந்தே மறைக்கும் வழக்கம் நம்மிடையே எஞ்சியிருக்கிறது என்பது நம் எண்ணம். அது ஒரு சாதிக்கு மட்டும் உரிய வழக்கமன்று; வரவு செலவை ஆண்மக்களே வைத்துக்கொண்டு, கஷ்டம் வரும்போது மட்டும் பெண்களிடம் நகையைக் கேட்கும் எல்லா வீடுகளிலும் அதைக் காணலாம்.

அந்த வீட்டில் கட்டை அவிழ்த்தவர் தாயார். ஒரு நாள் இரவு உணவு முடிந்ததும், யாரும் எழுந்திருக்கக் கூடாது என்றார். பிறகு மூத்த மகனைப் பார்த்து, "மக்கா, மொத்தம் எவ்வளவு? எல்லார் முன்னாலேயும் சொல்லு" என்று கேட்டார். அவர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. கல்லூரியிற் படிக்கும் பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, கூட்டுறவுச் சங்கக் கடன் முதல் வரி, நகைக்கடன் இரண்டாம் வரி என்று எழுதத் தொடங்கினாள். வரிக்கு வரி அவள் கேட்கக் கேட்க அவர் சொன்னார். மூன்றாம் வரியை எழுதும்போது அவர் மனைவி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். இதனை நமக்குச் சொன்னவர் அந்த மூத்தவரே. பயிர்க் கணக்கெடுப்புக்குப் போனபோது அந்த நோட்டுப் புத்தகத்தை அவர் நம்மிடம் காட்டினார். அலுவலகத்தில் எத்தனையோ பதிவேடுகளைப் பார்க்கிறோம். அதைப்போல் உண்மையான பதிவேடு நாம் கண்டதில்லை.

கணக்கு வெளியே வந்த பிறகு வழி பிறந்தது. நான்கு ஏக்கரையும் காப்பாற்ற இயலாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டனர். குளத்தில் எஞ்சியிருந்த நீரைக்கொண்டு குளத்தடி ஒன்றரை ஏக்கரை மட்டும் காப்பது, கடைமடை இரண்டரை ஏக்கரைக் கைவிடுவது என்று முடிவாயிற்று. நட்ட பயிரைக் கைவிடுவதென்பது உழவனுக்கு எளிதான முடிவன்று. பால் பிடிக்கும் என்று ஏங்கி நிற்கும் வயலை ஒருவர் தனியாகக் கைவிடமாட்டார்; கைவிடுவதற்கும் நான்கு பேர் துணை வேண்டும்.

கைவிட்ட பயிரைக் காயவிடாமல், பச்சை இருக்கும்போதே அறுத்துப் பசுவுக்குத் தீவனமாக்கலாம் என்று யோசனை சொன்னவர் இளைய மருமகள். அந்த வறட்சியில் வைக்கோல் விலை ஏறியிருந்தது. தீவனம் இல்லாமையால்தான் ஊரில் பலர் பசுவை வந்த விலைக்குத் தள்ளினர். ஆயினும் அவர்கள் உடனே அரிவாளை எடுத்துவிடவில்லை. இதனை விவசாயப் பெருமக்கள் கவனிக்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமும் உதவி வேளாண்மை அலுவலரிடமும் முதலில் தெரிவித்து, அடங்கலில் பயிர் ஏறியிருப்பதைச் சரிபார்த்து, வயலைப் பார்வையிடச் செய்து, சேதம் பதிவான பிறகே அறுத்தனர். நூற்றுக்கு 33 பங்கும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கே நிவாரணம் என்பது விதி. கணக்கெடுப்பு முடியுமுன் வயலை வெறுமையாக்கியவர்களுக்குப் பின்னர்ச் சேதத்தை மெய்ப்பிப்பது பெரும்பாடாயிற்று.

பசுக்கள் நின்றன, பால் சங்கத்துக்குப் பால் போயிற்று, நாள்தோறும் சிறிது காசு வீட்டுக்குள் வந்தது. மூத்த மருமகள் தம் மகளிர் குழுவில் கடன் பெற்று, அதிக வட்டிக் கடனை முதலில் அடைத்தார். குறைந்த வட்டியில் வாங்கி, கூடிய வட்டியை அடைக்கவேண்டும் என்ற கணக்கை ஒரு கணக்கரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நோட்டில் மூன்று வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றபோது அவருக்கே தெரிந்தது. இளையவர் கேரளத்துக்குப் போகத்தான் போனார். ஆனால் கோபித்துக்கொண்டு போகவில்லை. வைகாசி வரையில் மட்டும் என்று வரையறுத்துக்கொண்டு, வாரந்தோறும் இவ்வளவு அனுப்புவது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பிள்ளைகள் இருவரையும் பெரியப்பாவே பள்ளிக்குக் கொண்டுவிட்டார். மகளின் படிப்பு நிற்கவில்லை.

நியாயவிலைக் கடை அரிசியைப் பற்றியும் ஒரு சொல். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. நெல் விளைவிக்கும் வீடு கடை அரிசி வாங்குவதா என்ற கூச்சம் நாஞ்சில் நாட்டில் பல வீடுகளில் உண்டு. அந்த மூத்தவரும் முதலில் பையைத் தொடவில்லை. பத்தாயம் காலியாகும்வரை பொறுத்துவிட்டுத்தான் போனாராம். 1860இல் பஞ்சமாகிப் போனதற்கும், 2017இல் வறட்சியோடு நின்றுபோனதற்கும் இடையில் நின்ற வேலிகளுள் இந்தக் கடை ஒன்று. அதன் வாசலில் வரிசையில் நிற்பதற்கு எந்த உழவரும் தலை குனியவேண்டியதில்லை.

மாசியில் அந்த ஒன்றரை ஏக்கரில் அறுவடையாயிற்று. நல்ல ஆண்டின் பாதிகூட இல்லை. அதை அவர்கள் விற்கவில்லை, உணவுக்கு வைத்துக்கொண்டனர். கைவிட்ட இரண்டரை ஏக்கருக்கு, ஏக்கருக்கு 5,465 ரூபாய் வீதம், 13,662 ரூபாய் 50 காசு நிவாரணமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. சாகுபடிச் செலவுக்கு அது எங்கே போதும்? போதாதுதான். ஆனால் நோட்டில் எந்த வரியை அடைக்க அந்தப் பணம் என்பது, பணம் வருமுன்னரே முடிவாகியிருந்தது. அவ்வாண்டில் நிலவரி முழுதும் தள்ளுபடியாயிற்று. கூட்டுறவுப் பயிர்க்கடன் மத்தியகாலக் கடனாக மாற்றப்பட்டது. ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வேலை நாட்கள் 100இலிருந்து 150 ஆக உயர்த்தப்பட்டன. இவற்றைத் தெரிந்து கேட்டவர் பெற்றனர். அதே 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்து வயலை வெள்ளக்காடாக்கியதையும், அந்நோட்டில் மேலும் சில வரிகள் ஏறியதையும் இங்கே விரிக்கப்போவதில்லை.

எல்லா வீடுகளிலும் இவ்வாறு நடக்கவில்லை. அந்தப் பருவத்தில் காவிரிப் படுகையிலும் பிற மாவட்டங்களிலும் உழவர்கள் பலர் உயிரிழந்த செய்தி வந்துகொண்டேயிருந்தது. 2017 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தற்கொலை செய்துகொண்ட 17 விவசாயிகளின் குடும்பங்களுக்கு அரசு மும்மூன்று இலட்சம் ரூபாய் அளித்தது. ஒவ்வொரு வீட்டிலும் என்ன நடந்தது என்று நாம் அறியமாட்டோம். அறிந்ததுபோல் பேசுவதும் தகாது. ஆனால் ஊராட்சி உறுப்பினர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் வார்டில் எந்த உழவர் கடைத்தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார், எவர் கோயில் திருவிழாவில் ஒதுங்கி நிற்கிறார், எவர் யாரைக் கண்டாலும் வேறு பாதையில் திரும்பிவிடுகிறார் என்பது தாசில்தாருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்காருங்கள். நிவாரணத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்பதுகூட இல்லை. மனம் உடைந்தவர்க்கு 104 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனை கிடைக்கும் என்பதையும் தெரிவியுங்கள்.

இப்பொழுது வீட்டை விட்டுக் கால்வாய்க்கு வருவோம். ஒரு காலில் நீர் பெறும் ஊர்களும் ஒரு குடும்பம் போன்றவையே. அங்கும் சண்டை மூளுவது, யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது மறைந்திருக்கும் இடத்தில்தான். தலைமடைக்காரர் எவ்வளவு எடுத்தார் என்று கடைமடைக்காரர் அறியார். நீர் திறந்த அளவு எவ்வளவு என்று இருவரும் அறியார். அறியாதபோது சந்தேகம் வளர்கிறது; இரவில் மண்வெட்டியோடு காவல் இருக்க நேரிடுகிறது; உறவினர்களே கரையில் நின்று வாய்ச்சண்டை இடுகின்றனர். 2016–17இல் முறைவைத்துப் பாய்ச்சிய கால்களில், முறை நாளும் மணியும் எழுதி மடையருகே ஒட்டிய இடங்களில் பூசல் குறைந்திருந்ததை நாம் கண்டோம். ஓரிடத்தில் கடைமடைப் பெண்கள் சிலர் நீர் திறந்த நாளன்று கால்வாய்க்கரை வழியே தலைமடை வரையில் நடந்து போயினர். சண்டைக்குப் போகவில்லை; பார்க்கத்தான் போயினர். பார்ப்பவர் இருக்கிறார் என்று தெரிந்ததும், அதற்கு மேல் இரண்டு இயந்திரங்கள் ஓய்ந்தன.

நீரை விட்டுக்கொடுக்கத் தலைமடைக்காரர் எங்கேனும் இணங்குவாரா என்று கேட்பீர்கள். இணங்கியிருக்கின்றனர். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குழாயில் நீர் நிற்கும் நாளை எண்ணிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் செலவிடக்கூடாது என்று பிப்ரவரியிலிருந்து கட்டளை. அப்பொழுது மலைப்பக்கத்தில் பழத்தோட்டம் வைத்திருந்த க்ரூன்லாந்து நீர்ப் பயனாளர் சங்கத்து விவசாயிகள், தாங்கள் தேக்கி வைத்திருந்ததில் மீந்திருந்த ஏறத்தாழ 1,000 கோடி லிட்டரை நகரத்து அணைக்குத் திறந்துவிட்டனர். அவர்களால் அவ்வாறு செய்ய முடிந்ததற்கு நல்ல மனம் மட்டும் காரணமன்று. தங்களிடம் எவ்வளவு இருக்கிறது, தங்கள் மரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு அந்தச் சங்கத்திடம் இருந்தது. நமக்கும் சங்கம் இல்லாமலில்லை. விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டு, அதன்கீழ் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்க வழி உண்டாயிற்று. தேர்தல் நாளன்று காணும் சுறுசுறுப்பு, கால்வாய் அளவு எடுக்கும் நாளன்றும் காணப்படுமானால் நன்று.

குளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். இம்மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் உண்டு. அந்தக் குடும்பத்தின் ஒன்றரை ஏக்கரைக் காத்தது பேச்சிப்பாறையன்று, ஊர்க்குளம். அணை கைவிட்ட மாதத்தில் குளம் கைகொடுக்கவேண்டுமானால், அதன் வயிற்றில் மண் இருக்கக்கூடாது. 2017 மார்ச்சில் அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது செலவில் பத்தில் ஒரு பங்கைப் பயன்பெறுவோர் உழைப்பாகவோ பொருளாகவோ தரவேண்டும் என்று வைத்தது. வண்டலை விவசாயிகள் விலையின்றி எடுத்துக்கொள்ளவும் அவ்வாண்டு அனுமதி கிடைத்தது. கரையைப் பலப்படுத்துவதும் மடையைச் செப்பனிடுவதும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகின்றன. குளத்துக்கு நீர் வரும் ஓடையை அடைத்து வீடு கட்டியவரைப் பற்றி மட்டும் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவர் பெரும்பாலும் நம்மில் ஒருவருக்கு உறவினராக இருந்துவிடுகிறார். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டமை நமக்குப் பெருமையே. பறவைகளுக்காகக் காக்கப்படும் அந்த நீர், பக்கத்து வயலின் கிணற்றையும் காக்கிறது.

நெல் வகையைப் பற்றி வேளாண்மைத் துறையினர் விரிவாகச் சொல்வர். நாம் சொல்லவிரும்புவது ஒன்றே. அணையில் நீர்மட்டம் குறைந்திருக்கும் ஆண்டில், கடைமடைக்காரர் நீண்ட நாட் பயிரை நடுவது கடன் வாங்கிச் சூதாடுவதற்கு ஒப்பாகும். கன்னிப்பூவுக்கு ஏற்ற திருப்பதிசாரம் 5 போன்ற நூற்றுப்பதினெட்டு நாள் வகைகளை நம் ஊர் ஆராய்ச்சி நிலையமே தந்திருக்கிறது. கும்பப்பூவுக்கு எதை நடுவது என்பதை நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு அவர்களிடம் கேட்டு முடிவு செய்யலாம். எந்த மடை வரையில் நெல், எந்த மடைக்கு அப்பால் உளுந்து என்பதைக் கால் முழுவதும் சேர்ந்து முடிவு செய்தல் இன்னும் நலம்.

கிராமசபைக் கூட்டம் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு என்றாயிற்று. புதிதாகச் சேர்ந்த இரண்டில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். கும்பப்பூ அறுவடை முடிந்து கன்னிப்பூ தொடங்குவதற்கு இடைப்பட்ட நாள் அது. அன்று தீர்மானங்களைப் படித்துக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்திவிடாமல், ஊரின் நீர்க் கணக்கை உரக்கப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இந்தக் குளத்தில் இவ்வளவு, அந்தக் காலில் இத்தனை நாள் நீர் வந்தது, இன்ன மடையில் வரவில்லை என்பதுபோல் ஒரு பக்கத்துக்கு மேற்படாத கணக்கு. அதை எழுத ஊரில் படித்த பெண் ஒருத்தி இருப்பாள்.

அலுவலகத்தைப் பற்றிக் கடைசியாகச் சொல்வதாகத் தொடக்கத்தில் கூறினோம். சொல்லவேண்டியது அதிகமில்லை. நட்டவுடன் அடங்கலில் பயிர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். குத்தகைக்குப் பயிரிடுவோர் இதில்தான் பெரும்பாலும் தவறவிடுகின்றனர். வங்கிக் கணக்கு யார் பெயரில், நிலம் யார் பெயரில் என்பதை நிவாரணம் அறிவித்த பிறகு ஆராய வேண்டா. தகப்பனார் இறந்து பல்லாண்டாகியும் பட்டா மாறாத நிலங்கள் நம் ஒன்றியத்தில் எத்தனையோ உள்ளன, மழை நன்றாகப் பெய்யும் ஆண்டில் அவற்றைச் சரிசெய்துகொள்ளலாம். பயிர் காப்பீட்டுக்குக் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டா. மனு கொடுக்க வரும்போது வீட்டுப் பெண்களில் ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள். எந்தத் தாள் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியும்.

உணவுக்குப் பின்னர் நீர்வளத் துறைப் பொறியாளர் கால்வாயில் நீரளவுகோல் பதிப்பது எவ்வாறு, அதைப் படிப்பது எவ்வாறு என்பதைக் கரையிலேயே நின்று காட்டுவார். இரண்டு வண்டிகள் ஏற்பாடாகியுள்ளன. கடைமடை ஊர்களிலிருந்து வந்திருப்போர் முதல் வண்டியில் ஏறிக்கொள்ளும்படி வேண்டுகிறோம். இந்த ஒரு முறையாவது அவர்கள் முதலில் போகட்டும்.